வண்டி நின்றதும் இன்ஜினும் நின்றால்

இருபது வயதைக் கடந்துவிட்ட என் பெட்ரோல் கார் ஓடும்போது எந்தக் குறையும் சொல்ல முடியாது. ஆனால் சிக்னலில் வந்து நின்ற சில நொடிகளில் ஒரு குலுக்கல் குலுக்கிவிட்டு இன்ஜின் நின்றுவிடும். சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். அடுத்த சிக்னலில் மறுபடியும் அதே கதை. நான்கு மாதங்கள் இப்படியே கழிந்தன. ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். ஒரு பணிமனையில் பெட்ரோல் பம்பையே மாற்றினார்கள். இன்னொரு மெக்கானிக், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் உள்ள திருகைச் சற்று முறுக்கி ஐடிலிங் வேகத்தை, அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சும்மா சுற்றும் வேகத்தை, ஏற்றிவிட்டார். இரண்டு வாரம் தாங்கியது, பிறகு பழையபடி ஆனது. இதே தொல்லையில் இருப்பவர்களின் பணமாவது மிஞ்சட்டும் என்பதற்காகவே, கோளாறு கடைசியில் பிடிபட்ட விதத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஐடிலிங்கில் இன்ஜின் உயிர் பிழைத்திருப்பதே மிகக் குறைந்த காற்றில்தான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. அதன் ஓரத்து இடுக்கிலும், தகட்டைச் சுற்றிக் காற்றை விடும் ஐடில் வால்விலும் புகுந்து வரும் கொஞ்சக் காற்றை வைத்துக்கொண்டு இன்ஜின் 700 முதல் 850 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரையிலான வேகத்தைக் காப்பாற்ற வேண்டும். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது கணக்கு. உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், அந்த சென்சாரைத் தாண்டிய ஓரிடத்தில் ஒரு குழாய் வெடித்திருந்தால், கணக்கில் வராத காற்று நுழைந்து கலவையை மெலிய, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல் போக, செய்துவிடும். 3,000 ஆர்பிஎம்மில் இன்ஜின் இழுக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அந்தக் கசிவு அற்பமானது. ஐடிலிங்கிலோ அது இன்ஜினையே நிறுத்திவிடும் அளவுக்குப் பெரிது. ஓடும்போது நன்றாக இருக்கும் வண்டி நிற்கும்போது மட்டும் மக்கர் செய்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஆகவே வழக்கமாகச் சந்தேகிக்கப்படுபவை எல்லாம் இந்தக் காற்றுப் பாதையைச் சேர்ந்தவையே. த்ராட்டில் தகட்டின் விளிம்பில் கரி படிந்து இடுக்கு அடைபடலாம். ஐடில் வால்வு சிக்கிக்கொள்ளலாம். புகையின் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் வால்வு மூடாமல் திறந்தே நிற்கலாம். வெப்பத்தில் பல ஆண்டுகள் வெந்த ரப்பர் குழாய்களில் விரிசல் விழலாம். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியாக இருந்தால், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான ஐடில் ஜெட்டில் தூசி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். என் வண்டியில் த்ராட்டில் பாடியை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, ஐடில் வால்வும் சரியாகவே வேலை செய்தது.

நான் கவனிக்கத் தவறிய ஒன்று என் காலடியிலேயே இருந்தது. சிக்னலில் நிற்கும்போது இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கின்றன: இன்ஜின் ஐடிலிங்குக்கு இறங்குகிறது, அதே நேரத்தில் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கிறது. நானும் சரி, வண்டியைப் பார்த்த மெக்கானிக்குகளும் சரி, முதலாவதை மட்டுமே துரத்திக்கொண்டிருந்தோம். பணிமனையில் வண்டி நிற்கும்போது யாரும் பிரேக்கை மிதிப்பதில்லை; அதனால்தான் அங்கே அது எத்தனை நேரமானாலும் அணையாமல் ஓடியது.

ஒரு நாள் காலை, ஆளில்லாத சமதரையில் இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். மெதுவாக உருட்டி வந்து, கால் பிரேக்கைத் தொடாமல் ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்து நிறுத்தினேன். இன்ஜின் நிற்கவில்லை. ஐந்து முறை செய்தும் நிற்கவில்லை. பிறகு நின்ற இடத்திலேயே, கியர் நியூட்ரலில் இருக்க, பிரேக் பெடலை மிதித்துப் பிடித்தேன். இன்ஜின் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டர் முள் 1,100-லிருந்து 500-க்குச் சரிந்து நடுங்கியது. பெடலுக்கு மேலே, டேஷ்போர்டின் அடியிலிருந்து 'உஸ்ஸ்' என்ற சத்தம் விடாமல் கேட்டது. காலை எடுத்ததும் சத்தம் நின்றது, முள்ளும் மேலேறியது.

பெடலோடு இணைந்திருக்கும் பிரேக் பூஸ்டரைத்தான் அந்தச் சத்தம் காட்டிக்கொடுத்தது. பிரேக் பூஸ்டர் என்பது நடுவில் டயாஃப்ரம் என்னும் ரப்பர் தடுப்பு உள்ள ஒரு பெரிய உருண்டை டப்பா. இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த்தொகுதியான இன்டேக் மேனிஃபோல்டில் உண்டாகும் வேக்குவம் (உறிஞ்சும் வெற்றிடம்) ஒரு தடித்த குழாய் வழியாக அதற்குப் போகிறது. பெடலை மிதிக்காதபோது டயாஃப்ரத்தின் இரு பக்கமும் வேக்குவமே இருக்கும். மிதித்தால் பின்பக்கத்தில் வெளிக்காற்று நுழைய வழி திறக்கும். அந்த அழுத்த வேறுபாடுதான் நம் காலுக்குத் துணைநிற்கிறது. டயாஃப்ரம் கிழிந்திருந்தால், பின்பக்கம் நுழைந்த காற்று கிழிசல் வழியே முன்பக்கத்துக்கு வந்து, அங்கிருந்து நேராக மேனிஃபோல்டுக்குள் போய்விடும். அதாவது, பிரேக்கை மிதித்திருக்கும் வரை மட்டும் திறந்திருக்கும் ஒரு காற்றுக் கசிவு அது. ஓடும்போது பிரேக் போட்டால் சக்கரங்களே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருப்பதால் தெரிவதில்லை. கிளட்சை மிதித்த பிறகுதான் குட்டு வெளிப்படுகிறது.

சந்தேகத்தை உறுதி செய்ய இன்ஜினை அணைத்துவிட்டு, பூஸ்டர் குழாயை மேனிஃபோல்டு முனையில் கழற்றி, அந்தத் துவாரத்தை ரப்பர் மூடியால் இறுக்கமாக அடைத்தேன். ஸ்டார்ட் செய்து பெடலை மிதித்தபோது முள் அசையவே இல்லை. இந்தச் சோதனையை நிற்கும் வண்டியில் மட்டுமே செய்ய வேண்டும். பூஸ்டர் துணையில்லாமல் பிரேக் கல்லைப் போல இறுகிவிடும், அந்த நிலையில் ஓரடிகூட ஓட்டக் கூடாது. சிக்னலில் இன்ஜின் நிற்பதை வெறும் தொல்லையாகவே நான்கு மாதங்கள் எண்ணியிருந்தேன். பழுது பிரேக்கிலேயே இருந்திருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு உண்மையிலேயே நடுக்கம் எடுத்தது.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கு மட்டும் ஒரு கூடுதல் சோதனை உண்டு. நிற்பதற்குச் சற்று முன்பு, பாதுகாப்பான இடத்தில், நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போது அணையாமல் நின்று, டிரைவில் வைத்து நின்றால் மட்டும் அணைகிறது என்றால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில், இரண்டையும் நேரடியாகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். கிளட்சை மிதிக்காமல் மேனுவல் வண்டியை நிறுத்துவதற்கு ஒப்பானது அது.

பூஸ்டரை மாற்றிய மறுநாள் பெடலை அரை நிமிடம் மிதித்துப் பிடித்துப் பார்த்தேன். சத்தமும் இல்லை, நடுக்கமும் இல்லை. ஆனால் ஐடிலிங் 1,100-ல் நின்றது. பழுதை மறைக்க முன்பு முறுக்கிவிட்ட அந்தத் திருகு அப்படியே இருந்தது. அதைப் பழைய இடத்துக்குத் திருப்பிய பிறகே முள் 800-க்கு இறங்கியது.