அக்காவின் மடம்

அப்பரின் குருபூசை நாளான சித்திரைச் சதயம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. பண்ருட்டிப் பக்கத்துத் திருவதிகைக்குக் குருபூசைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தேவாரம் பாடிய அப்பரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கோ அங்கே போனாலே அவருடைய அக்கா திலகவதியார் நினைப்புதான்.

திருவாமூர்ப் பெண். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். பேசி முடித்திருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோனார். தானும் உயிரை விடத் துணிந்த அக்கா, தம்பிக்காகத் தங்கினார். அந்தத் தம்பியும் சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆகிவிட்டார். அப்புறம்தான் அக்கா தனியாகத் திருவதிகைக் கெடிலக்கரைக்கு வந்து ஒரு மடத்தில் இருந்தார். விடியுமுன் கோயிலைப் பெருக்கி, சாணமிட்டு மெழுகி, பூப்பறித்து மாலை கட்டினார் என்கிறார் பெரியபுராணத்தில் சேக்கிழார். இது 7ஆம் நூற்றாண்டுக் கதை.

தம்பி இருந்த பாடலிபுத்திரம் இன்றைய கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர். சமணர்களின் பெரிய கல்வியிடம். 'லோகவிபாகம்' என்ற நூல் 458இல் அங்கேதான் எழுதப்பட்டது. அங்கே இருக்கும்போதுதான் அவருக்குச் சூலை நோய் வந்தது. சமையல்காரரை அனுப்பி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா, சமணப் பள்ளிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாய், குண்டிகை, மயிற்பீலி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு, தம்பி இரவோடிரவாகக் கிளம்பினார். சுமார் 25 கிலோமீட்டர், எரியும் வயிற்றோடு! அக்காவின் மடத்துக்கு வந்து காலில் விழுந்தார். திருநீறு கொடுத்து, திருப்பள்ளியெழுச்சி வேளைக்கு அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனபோதும் அக்கா கையில் துடைப்பமும் மெழுகுகிற சாணமும் இருந்தன. அன்றைக்குக்கூட அந்த வேலையை அவர் விடவில்லை. அப்பர் கையில் புல் செதுக்கும் உழவாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் துடைப்பம்தான் தெரியும்.

எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேர் மாதம் ஒரு ஞாயிறு கோயிலைச் சுத்தம் செய்யும் உழவாரப்பணிக்குப் போகிறோம். புல் பிடுங்குவது சுலபம். விளக்கேற்றிய இடத்து எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். குருபூசைச் சோறு பக்கத்து மடத்துக் கூடத்தில். கட்டடம் ரொம்பப் பிற்காலத்தது. மற்ற நாளில் அங்கே பிள்ளைகள் தேவாரம் படிப்பார்கள். வெளியூர்க்காரர்கள் படுத்து எழுந்து போவார்கள்.

சமையல் பொறுப்பு எங்கள் பெரியம்மாவுக்கு. இருபது வயதில் கணவரை இழந்தவர். இந்தச் சதயத்தன்று ராத்திரி பத்து மணிக்கு எல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டோம். அப்போது நடந்தே வந்த ஏழு பேர் வாசலில் நின்றார்கள். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் அதற்குள் அரிசியை அளந்துகொண்டிருந்தார். வாசல் பக்கம் தலையை நீட்டி, "கை கால் கழுவிட்டு உட்காருங்க சாமி, உலை வச்சிட்டேன்" என்றார்.