முத்திரையில்லாத கடிதம்

ஆகஸ்ட் 12, திங்கள்

பொய்ப்பேச்சு கிளம்பினால் நம்மவர்கள் வேதத்தில் சங்கீதப் புத்தகத்தைத் திறப்பார்கள். அழுவதற்கு அது வேண்டும். எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று தெரிய நெகேமியா 6-ஆம் அதிகாரம் வேண்டும். இந்த வாரத் தியானம் அதில்தான்.

கி.மு. 445. பாரசீக ராஜா அர்தசஷ்டா அனுப்பிய யூத அதிபதி நெகேமியா கட்டும் எருசலேமின் அலங்கம் (மதில்) ஏறிவிட்டது, வாசல் கதவுகள்தான் பாக்கி. ஓனோ சமவெளிக்குப் பேச வரச்சொல்லி, இந்த வேலையை எதிர்த்த சன்பல்லாத்து நான்கு முறை ஆள் அனுப்புகிறான். நான்கு முறையும் நெகேமியா சொன்னது ஒரே பதில்: பெரிய வேலை நடக்கிறது, என்னால் வர முடியாது. தடவைக்கு ஒரு காரணம் சொல்லியிருந்தால் அதில் ஒன்றைப் பிடித்து மடக்கியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஐந்தாம் முறை வந்தது முத்திரையில்லாத கடிதம். அந்தக் காலத்தில் பாப்பிரஸ் தாளைச் சுருட்டி நூலால் கட்டுவார்கள். முடிச்சின்மேல் களிமண் உருண்டையை அப்பி முத்திரை பதிப்பார்கள். உடைக்காமல் படிக்க முடியாது. இதிலோ அது இல்லை. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் அப்படி அனுப்பினான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் “உங்க நல்லதுக்குத்தான் கேக்கிறேன்” என்று போடுகிறார்களே, அதே வேலை.

உள்ளே இருந்தது: நீ ராஜாவாகப் பார்க்கிறாய், ஊரெல்லாம் பேச்சு, கஷ்முவும் (சன்பல்லாத்தின் கூட்டாளி) சொல்லுகிறான். “எல்லாரும் சொல்றாங்க” ஒரு கால், பேர் சொல்ல ஓர் ஆள் இன்னொரு கால். வதந்தி எப்போதும் இந்த இரண்டு காலில்தான் நிற்கும்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்கக்கூடாது. இதே அர்தசஷ்டா ராஜா முன்பு ஒரு குற்றச்சாட்டுக் கடிதத்தை நம்பி எருசலேமின் கட்டுமானத்தை நிறுத்தியவர் (எஸ்றா 4). பயப்பட நெகேமியாவுக்கு முழு நியாயம் இருந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

அவர் செய்தது இரண்டு. சன்பல்லாத்துக்கு ஒரு வரி: நீர் சொல்வது எதுவும் நடக்கவில்லை, நீரே கற்பனை செய்துகொண்டது. தேவனுக்கு ஒரு வரி: என் கைகளைத் திடப்படுத்தும். கஷ்முவைத் தேடிப் போகவில்லை, ஊர் ஊராக விளக்கம் அனுப்பவில்லை.

நாமும் மறுப்பை ஒரே தடவை, எழுத்தில், யாரிடம் சொல்லவேண்டுமோ அவரிடம் சொல்லவேண்டும். பணத்தைப் பற்றிய பேச்சானால் ரசீதும் வங்கிப் புத்தகமும் கமிட்டி மேஜைக்குப் போகட்டும். கிளப்பியவர் சபையாராக இருந்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசவேண்டும், கேட்காவிட்டால் இரண்டொருவரோடு (மத்தேயு 18). வேலைக்கோ உயிருக்கோ ஆபத்து என்றால் போலீஸில் எழுதிக் கொடுப்பது அவிசுவாசம் அல்ல. பவுல் இராயனுக்கே (ரோமப் பேரரசனுக்கே) அபயமிட்டார், அதாவது மேல்முறையீடு செய்தார்.

பெரும்பாலும் கெட்டுப்போவது ஜெபக்குறிப்பில். “அந்தச் சகோதரிக்காக ஜெபியுங்கள், இப்படி ஒரு பேச்சு” என்று பத்துப் பேருக்குச் சொன்னால் பொய் பத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பேரும் விவரமும் வேண்டாம். கர்த்தருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அதிகாரத்திலேயே கூர்மையான இடம் செமாயா என்ற தீர்க்கதரிசி வருவது. கொல்ல வருகிறார்கள், ஆலயத்துக்குள் ஒளிந்து கதவைப் பூட்டுவோம் என்கிறான். சன்பல்லாத்து தரப்பிடம் கூலி வாங்கிச் சொன்ன தீர்க்கதரிசனம் அது. ஆசாரியன் அல்லாத நெகேமியா உள்ளே போயிருந்தால் அது பாவம், அவதூறுக்கு அதுவரை இல்லாத ஆதாரமும் கிடைத்திருக்கும். 13-ஆம் வசனம் இதைத் தெளிவாகவே சொல்கிறது.

அதனால், பேச்சு கிளம்பிய வாரமே பாடகர் குழுவை விட்டு விலகாதீர்கள். ஞாயிறு ஆராதனையை நிறுத்தாதீர்கள். வழக்கமாக உட்காரும் பெஞ்சிலேயே உட்காருங்கள். முதல் இரண்டு ஞாயிறு கால் நடுங்கும். கைகளைத் திடப்படுத்தும் என்ற ஜெபம் அந்த நேரத்துக்குத்தான்.

ஆகஸ்ட் 17, சனி

52 நாளில், எலூல் என்ற யூத மாதம் 25-இல் அலங்கம் முடிந்தது. பேச்சு முடியவில்லை. யூதாவின் பெரியவர்களே சன்பல்லாத்தின் கூட்டாளி தொபியாவோடு கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள், நெகேமியாவைப் பயமுறுத்த அவனும் எழுதினான். நெகேமியா கதவுகளை மாட்டி, வாசல் காவலாளரை வைத்து, வெயில் ஏறும்வரை திறக்கவேண்டாம் என்று உத்தரவிட்டார்.