ஆறரை மணி நேரம்

8 டிசம்பர் 2023, வெள்ளி

சித்தப்பாவின் கடிதத் தொகுப்பில் நாற்பதாவது கடிதம் வரை பக்கமாக்கி முடித்தேன். இரவு படுக்குமுன் எல்லாவற்றையும் வெளிவட்டில் காப்புநகல் எடுத்தேன். பதினெட்டாம் தேதி அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும்.

9 டிசம்பர், சனி

மாலை 6.40 மணிக்கு மேசைக்கணினியை மேம்படுத்தினேன். அதில் ஓடும் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 12-க்கு வந்திருந்த தொகுப்புகளில், இயங்குதளத்தின் மையநிரலான கர்னலின் புதிய பதிப்பும் இருந்தது. மறுதொடக்கம் செய்த பிறகு எல்லாம் வழக்கம்போலவே இயங்கின. நள்ளிரவு தாண்டி 1.10 வரை உட்கார்ந்து, நாற்பத்தொன்று முதல் ஐம்பத்தெட்டு வரை முடித்துவிட்டேன். கண் சொருகுவதால் காப்புநகல் நாளைக்கு.

10 டிசம்பர், ஞாயிறு

காப்பி ஆறுவதற்குள் டெபியன் குழுவினரின் அறிவிப்பைப் படித்துவிட்டேன். 6.1.64 கர்னலில், வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் எழுதப்படும் தரவைச் சிதைக்கக்கூடிய வழு ஒன்று இருப்பதால் டெபியன் 12.3 வெளியீட்டை நிறுத்திவைப்பதாகவும், இப்போதைக்கு யாரும் கணினியை மேம்படுத்த வேண்டாம் என்றும் நேற்றே சொல்லியிருக்கிறார்கள். ஒளிக்காமல் உடனே சொன்னார்கள், நான்தான் பார்க்கவில்லை.

கட்டளை தட்டும் முனையத்தைத் திறந்து, எந்தக் கர்னல் ஓடுகிறது என்று 'யூநேம் -ஆர்' கட்டளையால் கேட்டேன். 6.1.0-14 என்று பதில் வந்தது. நம்முடையது 64 இல்லை என்று ஒரு நிமிடம் மகிழ்ந்திருந்தேன். பிறகுதான் உறைத்தது: அது தொகுப்பின் பெயரில் ஒட்டியிருக்கும் எண், உள்ளே இருக்கும் கர்னலின் உண்மையான பதிப்பை 'யூநேம் -வி' அல்லவா சொல்லும்? கேட்டேன். 6.1.64-1.

மறுதொடக்கம் செய்து, கணினி ஏறும்போது வரும் க்ரப் பட்டியலில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய், 6.1.0-13 என்ற பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து ஏற்றினேன். அது 6.1.55. மேம்படுத்தும்போது பழைய கர்னலை உடனே அழிக்காமல் விட்டுவைப்பதை, கர்னல்கள் இருக்கும் வட்டுப் பகுதியான பூட் பகிர்வை அடைக்கும் தொல்லையாகவே இத்தனை நாளும் எண்ணி அலுத்துக்கொண்டிருந்தேன்.

மாலை 6.40 முதல் இரவு 1.10 வரை ஆறரை மணி நேரம். பதினெட்டுக் கடிதங்கள்.

11 டிசம்பர், திங்கள்

வழுவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நினைவகத்தில் தேக்கி வைக்காமல் வட்டுக்கே நேரடியாக எழுதும் முறையில்தான் சிக்கல். எழுதி முடித்தபின், கோப்பில் அடுத்து எங்கே எழுத வேண்டும் என்று காட்டும் இடம் சரியாக நகர்வதில்லை; அதனால் அடுத்து வருவது தவறான இடத்தில் போய் விழலாம். எக்ஸ்ட்4-க்குச் செய்த ஒரு திருத்தத்தைப் பழைய 6.1 வரிசைக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் திருத்தம் நம்பியிருந்த வேறொரு மாற்றம் 6.5 கர்னலில்தான் சேர்ந்தது, 6.1-இல் அது இல்லை. மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு பக்கத்தில் வரியை நீக்கச் சொல்லி, அதை அடுத்த பக்கத்தில் சேர்க்கச் சொன்ன தாளைத் தொலைத்துவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இது.

சாதாரண மேசைக்கணினி நிரல்களில் பெரும்பாலானவை அப்படி நேரடியாக எழுதுவதில்லை. ஆனால் என் பக்கவடிவமைப்பு மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும். அந்த விண்டோஸ், என் கணினிக்குள் ஒரு நிரலாக ஓடும் மெய்நிகர் கணினிக்குள் இருக்கிறது. அதன் வட்டுக்குத் 'தேக்ககம் வேண்டாம்' என்று சென்ற ஆண்டு அமைத்தவன் நானே. வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் செய்தேன். அந்த அமைப்பின் பொருள் நேரடியாக எழுது என்பதுதான்.

இரவு: டெபியன் 12.4 நேற்றே வந்துவிட்டது. அதில் உள்ள 6.1.66 கர்னலில் இந்த வழு இல்லை. நிறுவினேன். கணினி ஏறியது, வைஃபை ஏறவில்லை. அணைக்கச் சொன்னால் அணையவும் இல்லை; கருந்திரையில் ஏதோ ஒரு செயல் முடிவதற்காகக் காத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். கோப்பு முறைமைக்காக அஞ்சி நடுங்கிக்கொண்டிருப்பவன் செய்யும் வேலையா இது!

12 டிசம்பர், செவ்வாய்

மீண்டும் 6.1.55. ஒவ்வொரு முறையும் பட்டியலில் கீழே இறங்கித் தேர்ந்தெடுக்கும்போது விரல் தவறி வழுவுள்ள 14-ஐத் தொட்டுவிடுவேனோ என்றிருக்கிறது.

பதிப்பகத்திலிருந்து அழைத்தார்கள். வேலை நன்றாகப் போகிறது என்று சொன்னேன்.

13 டிசம்பர், புதன்

1057843. வழுவின் எண், வீட்டுத் தொலைபேசி எண்போல் மனப்பாடமாகிவிட்டது.

14 டிசம்பர், வியாழன்

வெள்ளிக்கிழமைக் காப்புநகலில் நாற்பது வரைதான் இருக்கிறது. அதற்கு மேல் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு படி கிடையாது. ஆகவே மூலக் கடிதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்து வருகிறேன். நாற்பத்தேழாம் கடிதத்தில் ஒரு வரியைக் காணவில்லை. கை சில்லிட்டுப்போனது. அரை மணி நேரம் கழித்துத்தான் நிதானமாக யோசிக்க முடிந்தது. கர்னல் தின்றிருந்தால் கோப்பு திறக்காமல் போயிருக்கலாம், குப்பை எழுத்துகள் வந்திருக்கலாம், பக்கமே உடைந்திருக்கலாம். ஒரு வரியை மட்டும் பதமாக எடுத்துவிட்டு அடுத்த வரியை அதன் இடத்தில் ஒழுங்காகப் பொருத்தி வைக்க அதற்குத் தெரியாது. மூலத்தில் அடுத்தடுத்த இரண்டு வரிகளும் 'ஆனபடியால்' என்றே தொடங்குகின்றன. என் கண்தான் தாவியிருக்கிறது.

அப்படியென்றால் முதல் நாற்பது கடிதங்களில் எத்தனை இடங்களில் தாவியிருக்கிறதோ? அவற்றை எழுதியபோது கர்னலில் எந்தக் குறையும் இல்லை.

15 டிசம்பர், வெள்ளி

6.1.67 வந்தது. வைஃபையை முடக்கிய மாற்றத்தை அதில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். நிறுவி, ஏற்றி, 'யூநேம் -வி'யை இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். இணைப்பு கிடைத்தது. அணைக்கச் சொன்னதும் முணுமுணுக்காமல் அணைந்தது. முதல் வேலையாக 14-ஐயும், 6.1.66 இருந்த 15-ஐயும் நீக்கினேன். 13-ஐ மட்டும் அழிக்க மனம் வரவில்லை, இருக்கட்டும்.

மெய்நிகர் வட்டின் தேக்கக அமைப்பையும் மாற்றிவிட்டேன். வேகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

16 டிசம்பர், சனி

ஐம்பத்திரண்டு வரை பார்த்தாயிற்று. ஐம்பத்து மூன்றில் 'நலம்' என்ற சொல் இரண்டு முறை அடுத்தடுத்து வருகிறது. சித்தப்பாவே அப்படி எழுதினாரா, நான் இரண்டு முறை தட்டினேனா, அல்லது அந்த ஆறரை மணி நேரமா? அதன் மூலம் அக்காவிடம் இருக்கிறது. இந்நேரத்துக்கு அழைத்தால் பயந்துவிடுவாள்.