அட்டைக்கடியும் தோல் புற்றுநோயும்

மழைக்காலத்தில் தேயிலை மலையில் அட்டை கடித்தால் இரத்தம் வடிந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அட்டையின் எச்சிலில் உள்ள ஒரு பொருள் இரத்தத்தை உறைய வைக்கும் த்ரொம்பின் என்ற நொதியத்தை மடக்கிவிடுகிறது. நொதியத் தடுப்பி என்றால் இதுதான். ஹட்டன் பக்கம் முப்பது வருடம் கொழுந்தெடுத்த பெரியம்மாவுக்கு இப்படிச் சொன்னதும் உடனே பிடிபட்டது.

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பிராஃப் என்ற நொதியம் மரபணு மாற்றத்தால் கெட்டுப்போய், பெருகு பெருகு என்று கலங்களுக்கு ஓயாமல் கட்டளை போட்டுக்கொண்டிருக்கும். 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெமுராஃபெனிப் என்ற மாத்திரையும் இப்படி ஒரு நொதியத் தடுப்பிதான்; அது பிராஃபை அடக்குகிறது. ஆனால் பலருக்குச் சில மாதங்களில் புற்று வேறு வழி கண்டுபிடித்துவிடும், அதனால் அந்தக் கட்டளைத் தொடரில் பிராஃபுக்கு அடுத்த படியில் உள்ள மெக் என்ற நொதியத்தையும் சேர்த்துத் தடுக்கிறார்கள்; டப்ராஃபெனிப், ட்ரமெட்டினிப் என்ற மருந்து ஜோடி அப்படி வந்ததுதான்.

சரி, என் கவலை வேறு. நம்மைப் போன்ற கருத்த தோலில் மெலனோமா அரிது, வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்தின் அடியிலோ வரும், அந்த வகையில் பிராஃப் மாற்றம் குறைவு என்பதால் இந்த மாத்திரைகள் பலருக்குப் பொருந்தாது. ஆரம்பத்திலேயே கண்டு வெட்டி எடுப்பதுதான் பெரிய வழி. நாமோ காலில் வளரும் கறுப்புப் புள்ளியைப் பழைய தழும்பு என்று விட்டுவிடுவோம்.

நேற்றிரவு பெரியம்மாவின் உள்ளங்கால்களை டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லயத்தில் மற்றவர்களையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.