சிங்க் டேப்பு பஞ்சாயத்து

ரெண்டு நாளா வீட்ல ஒரே சண்டை, கிச்சன் சிங்க் டேப்பு சுவத்துலயா கிரானைட் மேடை மேலயான்னு. எனக்கு மேடை மேல ஸ்வான் நெக் (அன்னம் கழுத்து மாதிரி உயரமா வளைஞ்ச டேப்பு) வைக்கணும்னு ஆசை. பிளம்பர் அண்ணன் தான் கேட்டாரு, "சார், சிங்க் பின்னாடி ஜன்னல் கதவு உள்பக்கம் தொறக்குதே, இடிக்காதா?" அட ஆமால்ல! கிரானைட்ல 35 எம்எம் ஓட்டை போட்டுட்டா அப்புறம் அடைக்கவா முடியும். அதுவும் இந்த உப்புத்தண்ணிக்கு டேப்பு அடியில வெள்ளை வெள்ளையா படியும், அத பழைய டூத் பிரஷ் வச்சு தேய்க்கப்போறது யாருன்னு அம்மா பாத்த பார்வை இருக்கே...

சரின்னு சைடு சுவத்துக்கே மாத்தியாச்சு (சிங்க் மூலையில தான் இருக்கு, தப்பிச்சோம்). உயரம் எவ்ளோன்னு அடுத்த சண்டை. அம்மா பேசவே இல்ல, இட்லி குண்டானை கொண்டுவந்து சிங்க்ல நிக்க வச்சு, அதுக்கு மேல ஒரு சாண் அளந்து பென்சில்ல கோடு போட்டுட்டு போயிட்டாங்க. நாளைக்கு டைல்ஸ் ஒட்றாங்க 😄