போகிற வழியில் ஏற்ற முடியாதா?

"போற வழியில குளுக்கோஸ் ஏத்த முடியாதா சிஸ்டர்?" பாட்டியின் மகள் கேட்டது அவ்வளவுதான். நான், "பொறுங்கக்கா, சரியாயிடும்" என்றேன்.

பாட்டிக்கு 8 மணிக்கு வாய் கோணி, வலது கை விழுந்திருக்கிறது. எங்களிடம் கொண்டுவந்தபோது 9:20. மெஷினில் சுகர் 46. ராத்திரி சரியாகச் சாப்பிடாமல், காலையில் வெறும் வயிற்றில் சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்கப் போயிருக்கிறார். 46-ஐப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. சுகர் இறங்கினாலே பக்கவாதம் மாதிரி கை கால் விழும், பேச்சு குழறும், குளுக்கோஸ் ஏறினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அப்படி இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். போனில் டாக்டரும் "ஏத்திட்டுப் பாருங்க" என்றார்.

25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், 100 மில்லி ஏற்றினேன். கால் மணி நேரத்தில் சுகர் 138, பேச்சும் கொஞ்சம் தெளிந்தது. என் விரலைக் கொடுத்து "பிடிங்க பாட்டி" என்றேன். பிடித்தார். கொழுந்து கிள்ளிக் கறுத்த கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் மடங்கின, மற்ற மூன்றும் அப்படியே கிடந்தன. அதைத் தேறி வருவதாக எடுத்துக்கொண்டு இன்னும் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன், ஜீப் வாசலில் நின்றுகொண்டே இருந்தது.

கிளம்பியது 10:05. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையமே 33 கிலோமீட்டர், வளைவும் இறக்கமுமாக, அப்புறம் கோவை டிராஃபிக். அங்கே சி.டி. ஸ்கேன் முடிந்தபோது 12:45. மூளையில் ரத்தக் கசிவு இல்லை, ரத்தக்குழாயில் அடைப்புதான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அது 12:30-க்கே முடிந்துவிட்டது. அடைப்பு இருந்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் மூளைச் செல்கள் சாகும் என்று பயிற்சியில் படித்ததுதான்.

சுகர் பார்க்காமல் அந்த ஊசியைப் போடவே மாட்டார்கள், குறைந்திருந்தால் முதலில் ஏற்றத்தான் வேண்டும். அதனால் நான் செய்தது தப்பில்லை. ஆனால் சுகர் ஏறிய பிறகும் கை வரவில்லையே, அப்போதே ஜீப்பில் ஏற்றியிருக்கலாமே? சுகர் இறங்கியவருக்கு அடைப்பும் சேர்ந்தே வரக்கூடாதா என்ன? சீக்கிரம் போயிருந்தாலும் ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டி வந்திருக்கும் என்று ஒருநாள் தோன்றும், மறுநாள் தோன்றாது.

பாட்டியின் மாத்திரைக்கு மாதாமாதம் மகள்தான் வருகிறார். "நல்லா இருக்கீங்களா சிஸ்டர்?" என்று கேட்கிறார். போன மாதம், இப்போது இடது கையால் சாப்பிடப் பழகிவிட்டார் என்று சொல்லிவிட்டு, சீட்டை நீட்டினார்.