டெரஸ்: எஞ்சினுக்காகப் பிறந்த ஊர்

ரயில் மேல் ஆசை உள்ளவர்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு வந்தால் ப்ரோமன்டரிக்குப் போவார்கள். 1869 மே 10 அன்று, கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த தண்டவாளங்களை இணைத்துத் தங்க ஆணி அடித்த இடம் அது. நாங்களும் பார்த்தோம். ஆனால் என் மனசெல்லாம் அதற்கு மேற்கே, பாலைவனத்துக்குள் இருந்த டெரஸ் மேல்தான்.

பழைய ரயில் மேட்டின் மேலேயே இப்போது மண் ரோடு போகிறது. பெட்ரோல் பங்க் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. மண்ணில் கிடக்கும் பழைய ஆணிகள் டயரைக் கிழித்துவிடும், இரண்டு ஸ்டெப்னி எடுத்துப் போங்கள் என்றார்கள். ஒன்றை வழியிலேயே மாட்ட வேண்டி வந்தது.

டெரஸ், சென்ட்ரல் பசிபிக் ரயில் கம்பெனி 1869இல் உண்டாக்கிய ஊர். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், பழுது பார்க்க வேண்டும். அதற்காக 16 எஞ்சின்கள் நிற்கும் லோகோ ஷெட், பட்டறைகள், அப்புறம் மலையிலிருந்து மைல் கணக்கில் இழுத்து வந்த மரக்குழாய்த் தண்ணீர். கடை, ஹோட்டல், நூலகம், குளியல் இல்லம் எல்லாம் அதன்பின் வந்தன. எஞ்சினுக்கு வந்த தண்ணீரைத்தான் ஊரும் குடித்தது.

1904இல் பெரிய உப்பு ஏரியின் குறுக்கே மரத்தூண்களை இறக்கி லூசின் குறுக்கு ரயில் பாதையைத் திறந்தார்கள். பயணத்தில் 40 மைலுக்கு மேல் மிச்சமானது. பெரிய ரயில்கள் அந்தப் பக்கம் திரும்பின. வேலை பக்கத்து மாநிலமான நெவாடாவின் மாண்டெல்லோவுக்குப் போனது, ஆட்களும் பின்னாலேயே போனார்கள். 1942இல், உலகப் போருக்கு இரும்பு வேண்டுமென்று தண்டவாளத்தையும் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கு அங்கே நிற்கும் சுவர் ஒன்றுகூட இல்லை. லோகோ ஷெட்டின் வளைவு மட்டும் தரையில் செங்கல் கோடாகத் தெரிகிறது. அந்த வளைவிலேயே மெல்ல நடந்தேன். காலடியில் கரித்தூள் நறநறத்தது.

"ஏங்க, இங்க வந்து பாருங்க" என்று மனைவி கூப்பிட்டாள். கட்டைவிரல் அகலத்தில் ஒரு பீங்கான் சில். வெளிறிய பச்சை மெருகு, ஓரத்தில் மயிரிழை போல விரிசல். சீனக் கிண்ணத்தின் விளிம்பு.

சென்ட்ரல் பசிபிக் பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். சியரா நெவாடா மலையைக் குடைந்தவர்கள் அவர்கள்தான். வேலை முடிந்தபின் பாதையைப் பராமரிக்க டெரஸிலேயே பலர் தங்கினார்கள், கடை வைத்தார்கள். 1882இல் சீனத் தொழிலாளர்கள் இனி நாட்டுக்குள் வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டமே போட்டது. 2020களில் தொல்லியலாளர்கள் இங்கே ஒரு சீனர் வீட்டின் அடித்தளத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அவர்களை நூற்றைம்பது ஆண்டுகள் காக்க வைத்துவிட்டோமே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

இங்கிருந்து எதையும் எடுத்துப் போகக்கூடாது, சட்டம் அப்படி. மனைவி அந்தச் சில்லின் மண்ணைத் துடைத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு அது பதிந்திருந்த குழியிலேயே, இருந்த மாதிரியே கவிழ்த்து வைத்தாள்.